கால் நலம் – 6: நின்றால் விடும் வலி

இனிப்பு நீரால் பாதம் மரத்துப்போவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது நரம்புக் கோளாறு. இந்த வாரம் ரத்தக் குழாய்க் கோளாறு. இரண்டும் ஒரே காலில் சேர்ந்துகொள்ளும்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும் அபாயம் கூடுகிறது.

சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று புந்தோங்கிலும் சிலிபினிலும் குடியிருக்கும் பெரியவர்களிடம் கால் வலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “அந்தக் காலத்துல மரம் வெட்டுன காலு, வலிக்காம என்ன செய்யும்?” என்பார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வாளியோடு நானூறு, ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்த கால்கள்தாம். ஆனால் உழைப்பு ரத்தக் குழாயை அடைப்பதில்லை. சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவைதான் அடைக்கின்றன. மேடு பள்ளம் பார்க்காமல் நடந்த நடை உண்மையில் அவர்களைக் காத்தே வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிழைப்பு பட்டணத்துக்கு மாறி, பலருக்கு ஜாகா வேலை நாற்காலியோடு முடிந்தது. நடை குறைந்தது, தே தாரிக் குறையவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது.

மரம் வெட்டியவர்களுக்கு அடைப்பை விளக்குவது எளிது. காலையில் ஓடும் பால், வெயில் ஏற ஏற வெட்டுவாயிலேயே உறைந்து, ஒட்டுப்பாலாகி வழியை மூடிவிடும். குழாய்ச் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிவதும் அப்படித்தான். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். உட்கார்ந்திருக்கும்போது குறுகிய வழியில் வரும் ரத்தமே தசைக்குப் போதும். நடக்கும்போது போதாது, கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். மீண்டும் ஏறக்குறைய அதே தூரம் நடந்தால் மீண்டும் பிடிக்கும். இந்த ஒழுங்குதான் அடையாளம்.

நரம்பு மரத்தவருக்கு இந்த வலியும் தெரியாமல் போகலாம். அதனால் காலைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் சில்லென்றிருப்பது, முடி உதிர்ந்து தோல் பளபளப்பது, புண் வாரக்கணக்கில் ஆறாதது, இரவில் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் தணிவது எல்லாம் எச்சரிக்கைகள். விரல் கறுத்தாலோ, கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து வலித்தாலோ காத்திருக்கக் கூடாது. ஈப்போவாசிகள் அன்றே ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

பரிசோதனை வலியற்றது. கையிலும் கணுக்காலிலும் பட்டையைக் கட்டி, ரத்த அழுத்தம் எடுப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்கிறது. 1.4-க்கு மேல் போனாலும் மகிழ வேண்டாம். குழாய் சுண்ணாம்பேறி இறுகிவிட்டது என்று பொருள். இனிப்பு நீர்க்காரர்களிடம் இது சகஜம். அப்போது கால் கட்டைவிரலில் அளப்பார்கள்.

சிகிச்சையில் மருந்துக்கு நிகரானது நடை. வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் தொடர வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், வாரம் மூன்று நாள் என மூன்று மாதம் செய்தால் பலருக்கு வலியின்றி நடக்கும் தூரம் கூடுகிறது. பாதத்தில் புண்ணோ ஓய்விலும் வலியோ இருப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். புகையை அறவே விட வேண்டும். கொழுப்பு மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. அடைப்பு முற்றியவர்களுக்குப் பலூன் சிகிச்சையும் மாற்றுவழி அறுவையும் உண்டு.

கால் சில்லிடுகிறதென்று வெந்நீரில் வைக்காதீர்கள். மரத்த பாதம் வெந்துபோவது தெரியாது. நரம்புச் சுருட்டலுக்கு நல்லதென்று மருந்துக் கடையில் இறுக்கக் காலுறை வாங்குமுன் மேற்சொன்ன பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். அடைப்புள்ள காலில் அது உள்ள ரத்தத்தையும் தடுக்கும். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு போகும் இனிப்பு நீர்க்காரர்களே, செருப்பணிந்து வருவதால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சர்க்கரை அளவைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். காலுறையைக் கழற்றி, “டாக்டர், இந்தப் பாதத்தில் நாடி துடிக்கிறதா, பாருங்கள்” என்று கேளுங்கள்.

(தொடரும்)