மரை வேட்டைக்குத் துணை தேடுவது

கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன் இந்த வருடம் மூஸ் வேட்டைக்குப் போக ஆயத்தமாகிறான். "மாமா, எல்லாம் சரி. கூட வாறதுக்குத்தான் நம்பிக்கையான ஒரு ஆள் கிடைக்கேல்ல" என்றான் தொலைபேசியில். முல்லைத்தீவுக் காட்டோரத்தில் பிறந்து இப்போது பொரளையில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அது அப்பா காலத்துக் கேள்வி.

மூஸுக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. நம்மிடம் உள்ளவற்றில் அதற்குக் கிட்ட வைத்துச் சொல்லக்கூடியது மரை. ஐரோப்பாவில் மூஸை 'எல்க்' என்பார்கள். இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர் நமது மரையையும் 'எல்க்' என்றே எழுதி வைத்தார்கள். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் கொன்றதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். மேஜர் றொஜர்ஸ் என்ற இன்னொருவர் 1,400 யானைகளுக்குக் கிட்டச் சுட்டதாகப் பெயர் எடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பிறகு 1894இல் வேட்டைக்காரத் துரைமாரே ஒன்றுசேர்ந்து காட்டு விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தார்கள். 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. சுட்டுத் தீர்த்தவர்கள் பாதுகாவலர் ஆனார்கள். குளக்கரையில் ஒரு மானுக்காக இரவு முழுக்கக் காவல் இருந்தவன் கள்ளவேட்டைக்காரன் ஆனான். சட்டம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. அது எழுதப்பட்டபோது யாருடைய பசி கணக்கில் எடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்கிறேன்.

மருமகன் இருக்கும் ஒன்ராறியோவில் வேட்டை முழுக்க முழுக்கக் கடதாசி வேலையில் தொடங்குகிறது. துவக்கு வைத்திருக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். வேட்டைக்காரருக்கான பாடம் படித்துத் தேற வேண்டும். அதன்பின் மூஸுக்கென்று தனி அனுமதிச் சீட்டு. 2021இலிருந்து அதைப் புள்ளி முறையில் கொடுக்கிறார்கள். விண்ணப்பித்துக் கிடைக்காத வருடங்கள் புள்ளியாகச் சேரும். கிடாய் மூஸுக்குச் சீட்டு வேண்டுமென்றால் பல வருடம் பொறுக்க வேண்டிவரலாம். ஒருவரின் சீட்டில் குழுவாகவும் வேட்டையாடலாம். ஆனால் சீட்டுக்காரரிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும், அவரோடு உடனே பேசக்கூடிய வசதியும் வேண்டும். ஆக, துணை யார் என்பது சட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய காரணம் எடை. நமது ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். வளர்ந்த கிடாய் மூஸ் 400 கிலோவுக்கு மேல். பின்தொடை ஒன்றே எலும்போடு 50 கிலோ அளவில் வரும். வீதியோ படகோ இருக்கும் இடத்துக்கு அதைச் சேற்றிலும் விழுந்த மரங்களுக்கு மேலாலும் முதுகில் சுமக்க வேண்டும். ஒருவர் சுட்டுவிடலாம், ஒருவரால் சுமக்க முடியாது. வெயில் ஏறினால் இறைச்சி பழுதாகும். இரத்த வாடைக்குக் கரடி வரும். அலாஸ்காவில் இறைச்சியை வெளியே கொண்டுவந்த பின்தான் கொம்பை எடுத்துவரலாம் என்று சட்டமே இருக்கிறது. கொம்போடு படம் எடுத்துவிட்டு உடலைக் காட்டில் விட்டுப் போகிறவர்களால் வந்த சட்டம். மருமகனுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: சுடுவதைப் பற்றியே பேசுகிறவனைக் கூட்டிக்கொண்டு போகாதே, சுமப்பதைப் பற்றிக் கேட்கிறவனைப் பார்.

அப்பா தெரிந்தெடுத்தது அப்படி ஒருவரைத்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர். ஊரில் அவருக்குச் சொந்தம் இல்லை, காணி உறுதி இல்லை. 'வந்தான் வரத்தான்' என்று பின்னால் பேசியவர்கள் பலர். அப்பாவின் சகலன், மச்சான்மார் எல்லாரும் கேட்டும் அவர்களைக் கூட்டிப் போகாமல் இவரையே கூட்டிப் போனார். காரணங்கள் சாதாரணமானவை. குடிக்க மாட்டார். இரவில் முறைக்காவலில் தூங்க மாட்டார். துவக்கின் வாய் ஒருபோதும் ஆள் பக்கம் திரும்பாது. முக்கியமாக, "இண்டைக்குப் போதும், திரும்புவம்" என்று யார் முதலில் சொன்னாலும் மற்றவர் விவாதிப்பதில்லை என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

காட்டுக்குள் நுழையும்போது ஐயனாருக்கு ஒரு குழை முறித்துத் தொங்கவிடுவார்கள். ஆவணி மாதத்துக் கோடையில் சிறு குளங்கள் வற்றிவிடும், மிஞ்சிய தண்ணீருக்கு மிருகம் வந்தே ஆக வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பரண் கட்டுவார்கள். அந்த நாட்களில் தலைக்கு எண்ணெய் இல்லை, சுருட்டு இல்லை. யானையைவிடக் கரடிக்குத்தான் இருவரும் பயப்பட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி துவக்குக்காரருக்கு ஒரு பங்கு கூட. அப்பா அதை எடுத்ததில்லை. சரிபாதி பிரித்தார். அம்மாவுக்கு அதில் கோபம் என்பது வேறு கதை.

பெரியபுராணத்துத் திண்ணனாரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஓடும் பன்றியின் பின்னால் அவரோடு கடைசிவரை ஓடி வந்தவர்கள் நாணன், காடன் என்ற இருவர்தான். மலையில் திண்ணனார் இறைவனை விட்டு வர மறுத்ததும் அவர்கள் திரும்பிப் போய் அவர் தகப்பனிடம் சொன்னார்கள். பிரசங்கம் கேட்கும்போது விட்டுவிட்டுப் போனவர்களாகத்தான் அவர்கள் தெரிவார்கள். வேட்டைக்காரனின் கணக்கில் அவர்கள் சரியாகவே செய்தார்கள்: ஆள் எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரியப்படுத்தினார்கள். இன்று கனடாவில் சற்றலைற் கருவி அந்த வேலையைச் செய்கிறது. அது கையில் இருந்தாலும், எந்த ஏரி, எந்த நாள் திரும்புவது என்று எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பிறகு யுத்தம். துவக்குகள் போயின. காட்டுக்குள் யாரைச் சந்திப்போம், அவர் நம்மை யார் என்று நினைப்பார் என்பது கரடியைவிடப் பெரிய பயமானது. 1990களின் கடைசியில் ஏ9 வீதி பூட்டிக் கிடந்தபோது, என் அக்காவையும் அத்தானையும் இன்னும் நாலு பேரையும் அந்த மலையக மனிதர்தான் பழைய வேட்டைப் பாதையால் வவுனியாப் பக்கம் கொண்டுபோய் விட்டார். காசு வாங்கவில்லை. "உங்க அப்பா பாதிப்பங்கு தந்தவருங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர் 2009இல் மாத்தளனில் இறந்தார். மருமகனுக்கு இது அண்மையில்தான் தெரியும்.

இன்று வன்னியில் மரையோ மானோ சுடுவது குற்றம். அதில் எனக்கு மறுப்பில்லை, ஏனென்றால் இப்போது நடப்பது அந்தப் பழைய வேட்டையும் இல்லை. கட்டுத்துவக்கும் வாய்வெடியும் கம்பிச் சுருக்கும் ஆள் பார்ப்பதில்லை. விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் போனவர்கள் கட்டுத்துவக்கில் செத்திருக்கிறார்கள். மறுபக்கம், 2015இல் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசியப் பூங்காக்கள் ஆகின. மீளக்குடியேறியவர்களுக்குத் தாங்கள் மாடு மேய்த்த இடம் எது, எல்லைக்கல் எது என்று விளங்கவே காலம் எடுக்கிறது. மாதுறு ஓயா 1983இல் பூங்காவானபோது வேடர் சமூகம் தன் வேட்டைக்காட்டை இழந்தது. அவர்கள் 1996இல் ஜெனீவா வரை போய் முறையிட்டார்கள். கனடாவிலோ பூர்வகுடிகளின் உரிமைகள் 1982 அரசியலமைப்பிலேயே ஏற்கப்பட்டிருக்கின்றன.

மிதிவெடியும் இன்னும் முடியவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 யூனுக்குள் அகற்றி முடிக்க வேண்டும். அந்த மலையக மனிதரின் மகள் இப்போது அந்த வேலைதான் செய்கிறாள். வெயிலில் முழங்காலில் இருந்து, கருவி சத்தமிடும் ஒவ்வோர் இடத்தையும் கையால் கிண்ட வேண்டும். பல நாட்களில் வருவது ஆணியும் சன்னமும்தானாம்.

லீவுக்கு வரும் சிலர் "அண்ணை, காட்டு இறைச்சிக்கு ஒரு ஒழுங்கு செய்யேலாதோ" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு அவள் சொல்லிவிடச் சொன்னது: வேட்டையை விடுங்கோ, மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் வானை நிறுத்தி மூத்திரம் பெய்யக்கூட இறங்க வேண்டாம்.