'ஜாசின்' ஓடியது, 'மலாக்கா' மூடிக்கொண்டது

எங்கள் பள்ளியின் படிவம் 4 மாணவன் ஒருவன் விடுமுறையில் கைப்பேசிச் செயலி ஒன்றை எழுதத் தொடங்கினான். ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினால் அதைப் பெரிதாகக் காட்டும். பிறகு எழுத்துகளைக் கலைத்துப் போடும். நாம் அடுக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் தங்கைக்காகச் செய்தது. கலைக்கும் பகுதியை எழுதும் முன்பே சிக்கல். 'ஜாசின்' என்று தட்டினால் ஓடியது. 'மலாக்கா' என்றதும் செயலி சட்டென மூடிக்கொண்டது. கணினிக் கழகக் கண்காட்சிக்கு ஒரு வாரமே இருந்தது.

"தமிழ் வேணாம் டீச்சர், இங்கிலீஷ்லயே செஞ்சிடுறேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

பெயரைக் கையாளும் பகுதியை அவன் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியிருந்தான். இது நேட்டிவ் நிரல். அதாவது கைப்பேசியின் செயலி சில்லு நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றப்படுவது. ஆண்ட்ராய்டில் இப்படி எழுத உதவும் கருவித்தொகுப்பு 2009இல் வந்தது. வேகம் உண்டு. ஆனால் தவறு நேர்ந்தால், ஜாவாவைப் போல 'இந்த வரியில் பிழை' என்று நயமாகச் சொல்லாது. ஒரு சமிக்ஞை எண்ணையும் நினைவக முகவரிகளையும் கொட்டிவிட்டுச் செத்துப்போகும்.

இதற்குத்தான் பிழைநீக்கி. பெயர் நம்மை ஏமாற்றும்; அது எந்தப் பிழையையும் நீக்காது. தோட்டத்து வாசலில் காவலர் லாரியை நிறுத்திச் சுமையைப் பார்ப்பதுபோல, ஓடும் நிரலை நாம் சொன்ன வரியில் நிறுத்தி உள்ளே இருப்பதைக் காட்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி (பொருளாதாரப் பாடத்தில் வருவது அல்ல) இவற்றுள் புகழ்பெற்றது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தட்டிக் கேட்க வேண்டும். எங்கள் கணினியில் அது 'ம' என்ற எழுத்தை \340\256\256 என்று காட்டியது. மாணவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு மாறினோம். உள்ளே உழைப்பது எல்எல்டிபி என்ற இன்னொரு பிழைநீக்கி. மேலே போர்த்திய முகப்புதான் நமக்கு வசதி. வரியின் ஓரத்தில் சொடுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். நிரல் அங்கே நிற்கும். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்பது ஒரு பக்கம், மாறிகளின் மதிப்பு மறுபக்கம். 8 ஜிபி நினைவகமாவது இல்லாவிட்டால் கணினி நத்தையாகிவிடும் என்பது மட்டும் குறை.

பெயரை நகலெடுக்கும் வரியில் புள்ளி வைத்தோம். பெயருக்கு அவன் ஒதுக்கியிருந்த இடம் 20 பைட். வந்து நின்ற 'மலாக்கா'வின் நீளம் 21!

நம் கண்ணுக்கு அது 4 எழுத்து. யூனிகோடுக்கு 7: ம, ல, துணைக்கால், க, புள்ளி, க, துணைக்கால். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 21; முடிவைக் குறிக்கும் பூச்சியத்தையும் சேர்த்தால் 22. 'ஜாசின்' 6 குறி, 18 பைட், பூச்சியத்தோடு 19. ஒரு பைட் மிச்சத்தில் தப்பியிருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும் என்பதால், பாடநூல் உதாரணங்களில் இந்தப் பள்ளம் தெரிவதே இல்லை.

முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிய நாடு இது. 2005இல் செல்லினம் வந்து கைப்பேசியிலும் தமிழில் தட்டத் தொடங்கினோம். அந்த வசதியில் வளர்ந்த பிள்ளை 20 என்ற ஓர் எண்ணுக்காகத் தமிழை விடப் பார்த்தான்.

20ஐ 64 ஆக்கலாமா என்று கேட்டான். அதைவிட நீளமான பெயர் வந்தால் மறுபடியும் இதே கதைதான். தேவைக்கேற்ப நீளும் சர வகைக்கு மாற்றினோம். மலாக்கா ஓடியது, அலோர் காஜாவும் ஓடியது.

மறுநாள் கலைக்கும் பகுதியை எழுதிக்கொண்டு வந்தான். 'லா'வின் துணைக்கால் கழன்று, தனியாகப் போய் முன்வரிசையில் நின்றது. இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.