பட்டாசு ஊர்ல ஒரு பெல்லட் கிரில்... அம்மா போட்ட 3 கண்டிஷன்ஸ்!

அமெரிக்காவுல இருந்து ஊர் திரும்பின எங்க அத்தான், வீட்டுச் சாமான்களோட சேர்த்து ஒரு பெல்லட் கிரில்லையும் கப்பல்ல ஏத்திட்டு வந்துட்டார். சென்னை ஃபிளாட்ல அதை வைக்க இடமில்ல. "மாப்ள, உங்க வீட்டு மொட்டைமாடி சும்மாதானே கிடக்கு, நீ வெச்சுக்கோ"ன்னு ஆலங்குளத்துக்கு அனுப்பிட்டார். தென்காசி ஆலங்குளம் இல்லீங்க. சிவகாசிப் பக்கம், அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம்.

அட்டைப்பெட்டியைப் பிரிச்சதும் அம்மா ஒரு சுத்து சுத்திப் பார்த்தாங்க. 20 வருஷத்துக்கு மேல பட்டாசு ஆலையில வேலை பார்த்தவங்க. "உள்ள நெருப்பு, பக்கத்துல கரன்ட்டு, ஓரத்துல பொட்டி நிறைய விறகு. இது அடுப்பாடா, வெடியா?"ன்னு கேட்டாங்க.

எங்க ஊர்ப் பக்கம் நெருப்பை யாரும் விளையாட்டா எடுத்துக்க மாட்டாங்க. கடைசியில 3 கண்டிஷனோட அனுமதி கிடைச்சது. பக்கத்துல மணல் வாளியும் தண்ணி வாளியும் இருக்கணும். பாலியஸ்டர் சட்டை கூடாது, காட்டன்தான். கிரில் எரியும்போது கையில செல்போன் இருக்கக் கூடாது. மூணுமே பட்டாசு ஆலையில தினமும் கடைப்பிடிக்கிற விதிகள். 'சிக்கன் சுடுறதுக்கு இவ்வளவு பில்டப்பா'ன்னு நினைச்சேன். முதல் ஞாயித்துக்கிழமையே அம்மா சொன்னதுதான் சரின்னு புரிஞ்சது. அதைப் பின்னாடி சொல்றேன்.

அதென்ன பெல்லட் கிரில்?

கரி அடுப்புல விசிறுறது, கரியைத் தள்ளுறது, தண்ணி தெளிக்கிறது எல்லாம் நம்ம வேலை. பெல்லட் கிரில்ல அதை மெஷின் பார்த்துக்கும். 1980-களின் நடுவுல, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துல ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கின அடுப்பு இது. பிறகு இதுக்குக் காப்புரிமையும் கிடைச்சது.

இதுக்கான எரிபொருள், மரத்தூளை அழுத்தி செஞ்ச சின்னச் சின்ன குச்சிகள். கோழித்தீவனக் குச்சி பார்த்திருப்பீங்கல்ல, ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். ஓரத்துல இருக்கிற பெட்டியில இதைக் கொட்டணும். அடியில ஒரு திருகுக் கம்பி சுத்திச் சுத்தி, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமா நடுவுல இருக்கிற நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். அங்க ஒரு மின்கம்பி சூடாகிப் பத்த வைக்கும். சின்ன ஃபேன் ஒண்ணு காத்து ஊதும். உள்ள இருக்கிற சென்சார் சூட்டை அளந்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா குச்சி அதிகமா விழும். கூடினா கம்மியா விழும்.

நெருப்புக்கு மேல ஒரு தகடு இருக்கிறதால தீ நேரா கறியில படாது. சூடும் புகையும் சுத்தி வந்துதான் வேக வைக்கும். அதனால தந்தூரி மாதிரி கருகல் எதிர்பார்க்காதீங்க. இது மெதுவா வேகுற, புகை வாசம் ஏறுற சமையல்.

பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி...

அமெரிக்க வீடுகள்ல 120 வோல்ட். நம்ம வீட்டுல 230. அங்க இருந்து வந்த கிரில்லை நேரா நம்ம பிளக்ல சொருகினா, சமைக்கிறதுக்கு முன்னாடியே கன்ட்ரோல் போர்டு சமைஞ்சிடும். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். பத்த வைக்கிற நேரத்துல கிரில் சுமார் 300 வாட் வரை இழுக்கும். பிறகு ரொம்பக் கம்மிதான். 500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா நிம்மதி.

இன்னொரு விஷயம், ஹெர்ட்ஸ். அங்க 60, இங்க 50. இதை டிரான்ஸ்ஃபார்மர் மாத்தாது. சில மோட்டார்கள் இங்க கொஞ்சம் மெதுவா சுத்தும். பின்னாடி ஒட்டியிருக்கிற தகட்டைப் படிச்சுப் பார்த்து, ஒரு எலெக்ட்ரீஷியனைக் கேட்டுட்டு ஆன் பண்ணுங்க. எர்த் கட்டாயம்.

எந்தக் குச்சி போடலாம்?

இதுலதான் நம்ம ஊர்ல நிறைய பேர் தப்பு பண்ண வாய்ப்பிருக்கு. பாய்லருக்குன்னு கடலைத்தோல், மரத்தூள், விவசாயக் கழிவுல செஞ்ச பயோமாஸ் பெல்லட் தமிழ்நாட்டுல கிடைக்குது. பார்க்க அதே மாதிரி இருக்கும், விலையும் கம்மி. ஆனா, அது சமையலுக்கானது இல்ல. பிளைவுட் பசை, பெயின்ட், வார்னிஷ் பட்ட மரத்தூள் அதுல கலந்திருக்கலாம். அந்தப் புகை கறியில ஏறி நம்ம வயித்துக்குள்ள போகும். தீப்பெட்டி ஆபீஸ் குச்சி, மெழுகு பட்ட கழிவு, பட்டாசுக் காகிதம் எதுவுமே கிட்ட வரக் கூடாது. சமையலுக்கானதுன்னு மூட்டையில எழுதியிருக்கிற பெல்லட் மட்டும்தான்.

ஒரு சுவாரஸ்யம். அமெரிக்கர்கள் கிரில்லுக்குக் கொண்டாடுற மெஸ்கீட் மரம் வேற எதுவும் இல்ல, நம்ம சீமைக்கருவேலத்தோட நெருங்கின சொந்தம்தான்! விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு கரி எடுக்கிறதும் அதே சீமைக்கருவேலத்துலதான். அதுக்காகக் கரியையோ விறகுத்துண்டையோ பெல்லட் பெட்டியில போட்டுடாதீங்க. திருகுக் கம்பி சிக்கிக்கும். கரி வாசம் வேணும்னா சாதாரண கரி கிரில்லே போதும்.

பெல்லட்டுக்குப் பெரிய எதிரி ஈரம். தண்ணி பட்டா ஊதி, மறுபடி தூளாயிடும். அது திருகுக் கம்பிக்குள்ள காய்ஞ்சா... சிமென்ட் ஊர்க்காரன் சொல்றேன், சிமென்ட்டேதான். மூடி போட்ட டப்பாவுல வைங்க. மழைக்காலத்துல கிரில் பெட்டியைக் காலி பண்ணி வைங்க.

முதல் நாள் கறி வேண்டாம்

புது கிரில்லுக்குள்ள தயாரிப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கம்பெனி கையேட்டுல சொல்ற மாதிரி, பொதுவா முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், வெறும் கிரில்லை நல்ல சூட்டுல ஓட விடணும். தோசைக்கல்லைப் பழக்குற மாதிரிதான். முதல்ல கெட்டியா வெள்ளைப் புகை வரும். அது அடங்கி, மெல்லிசா நீலம் கலந்த புகை வந்த பிறகுதான் சமைக்கலாம். கெட்டிப் புகையில வெச்சா கறி கசக்கும்.

அந்த முதல் ஞாயித்துக்கிழமை

சிக்கனை வெச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கும். கரன்ட் போயிடுச்சு. ஃபேன் நின்னுடுச்சு, கிண்ணத்துல இருந்த குச்சி மட்டும் புகைஞ்சுக்கிட்டே இருந்தது. கரன்ட் வந்ததும் நான் எதையும் பார்க்காம திரும்ப ஆன் பண்ணிட்டேன். மூடியும் மூடியே இருந்தது. கிண்ணத்துல ஏற்கெனவே குச்சி இருக்க, அதுக்கு மேல புதுசா விழ, உள்ள புகை நிறைய, திடீர்னு பத்திக்கிச்சு. 'டொப்'புன்னு மூடி எகிறித் திரும்ப விழுந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் செல்போனை எடுக்கக் கீழ போயிருந்தேன். கிட்ட நின்னு எட்டிப் பார்த்திருந்தா புருவம் போயிருக்கும்.

சத்தம் கேட்டு மேல ஏறி வந்த அம்மா திட்டவே இல்ல. "அளவுக்கு மேல மருந்து கிட்டிச்சா எதுவா இருந்தாலும் வெடிக்கத்தான் செய்யும்"னு மட்டும் சொன்னாங்க.

நடுவுல அணைஞ்சா என்ன பண்ணணும்? சுவிட்சை அணைச்சு பிளக்கை உருவுங்க. முழுசா ஆற விடுங்க. தட்டுகளை எடுத்துட்டு, நெருப்புக் கிண்ணத்துல கிடக்கிற குச்சியையும் சாம்பலையும் அள்ளி எடுங்க. பிறகு கையேட்டுல இருக்கிற முறைப்படி, பெரும்பாலான மாடல்கள்ல மூடியைத் திறந்து வெச்சு, முதல்ல இருந்து பத்த வைங்க. வேலை முடிஞ்சதும் நேரா பிளக்கைப் பிடுங்காதீங்க. ஷட்-டவுன் பட்டனை அழுத்தினா, மிச்சக் குச்சி எரிஞ்சு தீர்ற வரை ஃபேன் ஓடும். இல்லைன்னா நெருப்பு திருகுக் கம்பி வழியா பின்னாடி பெல்லட் பெட்டிக்கே போகலாம்.

அன்னிக்குப் பாதி வெந்த சிக்கனைத் தூக்கிப் போட்டுட்டோம். பாதி வெந்து, இதமான சூட்டுல கிடக்கிற கறியில கிருமி வேகமாப் பெருகும். நம்ம ஊர் வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல கறியை வெளிய வைக்கவே கூடாது.

ஆரம்பிக்கிறவங்களுக்கு ஈஸியான ஐட்டம்

மட்டன் தொடை, முழுக்கோழி எல்லாம் பிறகு. தொடையோட சேர்ந்த கோழிக்கால்ல ஆரம்பிங்க. கொழுப்பு இருக்கிறதால கொஞ்சம் கூடுதலா வெந்தாலும் காயாது.

ஒரு கிலோவுக்கு சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, வரமிளகாய் 10, சீரகம், மிளகு, இஞ்சி, பூண்டு அரைச்சு, கல்லுப்பும் 2 ஸ்பூன் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசறி, ஃபிரிட்ஜ்ல 4 மணி நேரம் வைங்க.

கிரில்லை 110 டிகிரி செல்சியஸ்ல வெச்சு முதல் முக்கால் மணி நேரம். சூடு கம்மியா இருக்கும்போதுதான் புகை அதிகம், வாசம் ஏறுறது இப்போதான். பிறகு 200 டிகிரிக்கு ஏத்தி சுமார் அரை மணி நேரம். நடுவுல மூடியைத் திறந்து திறந்து பார்த்தீங்கன்னா சூடெல்லாம் வெளிய போயிடும்.

வெந்துடுச்சான்னு நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. புகையில வேகுற கறி வெந்த பிறகும் உள்ள இளஞ்சிவப்பா இருக்கலாம். கறியில குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. எலும்புல படாம, தடிமனான இடத்துல குத்தணும். கோழிக்கு 74 டிகிரி குறைந்தபட்சம். கால் பகுதிக்கு 80-ஐத் தாண்டினாதான் பதமா இருக்கும்.

இதெல்லாம் மறக்காதீங்க

* கிரில் திறந்த வெளிக்கு மட்டும்தான். வீட்டுக்குள்ள, மூடின பால்கனியில கார்பன் மோனாக்சைடு சேரும். வாசமே இல்லாம ஆளைக் கொல்ற வாயு அது.

* பட்டாசு வெச்சிருக்கிற வீட்டுல கிரில்லே வேண்டாம். தீபாவளிக்கு வாங்கின நாலு பாக்கெட்டா இருந்தாலும் சரி. ஆலை வேலை முடிச்சு வந்தவங்க, மருந்து பட்ட துணியை மாத்திக் குளிச்சுட்டுத்தான் பக்கத்துல வரணும்.

* உள்ள கொழுப்பு பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாதீங்க. எண்ணெய்த் தீயும் கரன்ட்டும் இருக்கிற இடத்துல தண்ணி ஆபத்து. சுவிட்சை அணைச்சு மூடியை மூடுங்க, தேவைப்பட்டா மணல். அம்மாவோட தண்ணி வாளி, வெளிய விழுற கங்குக்கு மட்டும்தான்.

* கொழுப்பு வடியுற தட்டையும் நெருப்புக் கிண்ணத்தையும் அடிக்கடி சுத்தம் பண்ணுங்க. சாம்பலுக்குள்ள கங்கு ஒரு நாளைக்கு மேலயும்கூட உயிரோட இருக்கலாம். குப்பைத்தொட்டியில கொட்டாம, மூடி போட்ட இரும்பு வாளியில போட்டு வைங்க.

மூணாவது ஞாயித்துக்கிழமை ஒழுங்கா வெந்துச்சு. அம்மா ஒரு துண்டு பிட்டு வாயில போட்டாங்க. "உப்பு ஒரு கல்லு கம்மி"ன்னு சொல்லிட்டு இன்னொரு துண்டு எடுத்தாங்க. மறுநாள் காலையில நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே மாடிக்குப் போய், சாம்பல் வாளி மேல கையை வெச்சு சூடு இருக்கான்னு பார்த்துட்டு வந்துட்டாங்க. "ஆறிடுச்சு, கொட்டலாம்"னு சொன்ன பிறகுதான் எனக்கு காபி கிடைச்சது.