காளானோ புதரோ, ஒரே அடையாளம் போதாது

வேளாண் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். இரவு நல்ல மழை. காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், எருக்குழி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் காளான்கள் முளைத்திருந்தன. "இது சாப்பிடுற காளான்தானாப்பா?" என்று பெரியம்மா கேட்டார். குடை வெள்ளையாக இருந்தது, வாசனையும் நன்றாக இருந்தது. "ஆமா பெரியம்மா, சமைக்கலாம்" என்றேன். படிக்கிற பையன் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மதியம் சாப்பிட்ட நான்கு பேருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் ஓர் இரவு இருந்துவிட்டு வீடு திரும்பினோம். சமைக்காமல் மிச்சமிருந்த ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் தாளில் பச்சை நிறத் தூள் படிந்திருந்தது. அதை முதல் நாளே செய்திருந்தால் பெரியம்மா அந்தப் பாடு பட்டிருக்க மாட்டார்.

மழை பெய்ததும் வரப்போரம், காட்டோரம் நடந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் பெயர் சொல்ல அவசரப்படக் கூடாது. எதையும் ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்றாவது ஒத்துப்போக வேண்டும்.

எங்கே நடப்பது?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை. கோயில்காடு, ஓடைக்கரை, உங்கள் நிலத்தின் எல்லைப் புதர் ஆகியவையே போதும். வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். காலணி, ஒரு குச்சி, சிறு கத்தி, காகிதப் பை, நோட்டு இருந்தால் போதும். பிளாஸ்டிக் பையில் காளான் வியர்த்து அழுகிவிடும். கறையான் புற்றில் பாம்பு இருக்கலாம். குச்சியால் கிளறுங்கள், கையை விடாதீர்கள்.

புற்றுக் காளானும் அதன் போலியும்

நம் ஊர்களில் அதிகம் தேடப்படுவது புற்றுக் காளான். இது கறையான்கள் வளர்க்கும் பயிர். புற்றுக்குள் அவை கட்டும் பஞ்சு போன்ற அடைகளில் பூசணம் வளர்கிறது. மழைக்குப் பிறகு அதுவே காளானாக வெளியே தலை நீட்டுகிறது. இதன் முதல் அடையாளம் தண்டின் அடி. பெரும்பாலான வகைகளில் தண்டு மண்ணுக்குள் வேர் போல நீண்டு கறையான் அடை வரை போகும். மேலாகப் பிடுங்கினால் இது அறுந்துவிடும். சுற்றிலும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, குடையின் நடுவில் கூரான முனை. மூன்றாவது, தாளில் உதிரும் தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும்.

அன்று நாங்கள் சாப்பிட்டது குளோரோபில்லம் என்ற நச்சுக் காளான். புல்தரை, மேய்ச்சல் நிலம், எரு சேர்ந்த மண்ணில் வரும். வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். தண்டில் வளையம் இருக்கும். மண்ணுக்குள் நீளும் வேர் இருக்காது. குடையின் அடியில் உள்ள மடிப்புகள் இளசில் வெள்ளையாக இருந்து, முற்றியதும் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும். பறிக்கும்போது இளசாக இருந்தால் கண்ணுக்குப் பச்சை தெரியாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

வளையத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கவும் முடியாது. தென்னிந்தியாவிலிருந்து 1979-ல் நடராஜன் என்ற அறிவியலாளர் விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற புற்றுக் காளானுக்கும் வளையம் உண்டு. புற்றருகே நூற்றுக்கணக்கில் முளைக்கும் மிகச் சிறிய வகைக்கோ நீண்ட வேர் கிடையாது.

தாளில் தூள் எடுக்கும் முறை

நன்கு விரிந்த குடையைத் தண்டிலிருந்து வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள தாளில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். காளானின் விதை போன்ற நுண்தூள் தாளில் படியும். வெள்ளைத் தூள் கறுப்புப் பாதியிலும், நிறமுள்ள தூள் வெள்ளைப் பாதியிலும் தெளிவாகத் தெரியும். பச்சையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், குப்பைக்குழிதான். வேறு நிறம் என்பதாலேயே நல்ல காளான் என்றும் ஆகிவிடாது. கொடிய நச்சுள்ள அமானிடா வகைகளின் தூள் வெள்ளை.

வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, ஆடு தின்கிறதா, புழு இருக்கிறதா என்ற சோதனைகள் எதுவும் செல்லாது. சில அமானிடா காளான்களின் நச்சு வேகவைத்தாலும் போகாது. அதன் அறிகுறிகள் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். வயிற்றுப்போக்கு நின்று, சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். காளான் சாப்பிட்டவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இந்தக் கட்டுரையை மட்டும் நம்பி எந்தக் காட்டுக் காளானையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். இது பார்த்துப் பழகுவதற்கான வழி மட்டுமே.

தென்னைக்காரர்கள் கவனிக்க

நடையில் தென்னையின் அடிமரத்தையும் பாருங்கள். மெருகு பூசியது போன்ற செம்பழுப்பு நிறத்தில், தட்டு போல நீட்டிக்கொண்டிருக்கும் காளான் தெரிந்தால் அது கானோடெர்மா. 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற நோயின் காரணி இதுதான். காளான் வெளியே வரும்போது அந்த மரம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். அதற்கு முன்பே அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும், அடிமட்டைகள் தொங்கும். நோய் முற்றிய மரத்தை வேரோடு அகற்றி எரித்து, சுற்றிலும் அகழி எடுங்கள். பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுங்கள்.

பருவமழைக்கு முந்திப் பூக்கும் புதர்கள்

ஒன்றிரண்டு கோடை மழை விழுந்தால் போதும், எல்லையோரப் புதர்கள் பூக்கத் தொடங்கிவிடும். களா மல்லிகை போன்ற வெள்ளை நட்சத்திரப் பூ விடும். முள் இணையாக இருக்கும், இலையைக் கிள்ளினால் பால் வரும். காயா, கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப்பூ விடும். காயாம்பூ வண்ணன் என்று திருமாலைப் பாடுவது இந்த நிறத்தை வைத்துத்தான்.

இங்கேயும் ஏமாற்றும் ஜோடி உண்டு. காரையும் மருக்காரையும் ஒரே குடும்பம். இரண்டிலும் எதிரெதிர் முள், பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. காரையின் பூ சிறியது, மஞ்சள் கலந்த பச்சை, கொத்தாக வரும். பழமும் சிறியது, பிள்ளைகள் தின்பது. மருக்காரையின் பூ பெரியது, வாசனையுள்ளது. வெள்ளையாக விரிந்து மஞ்சளாக மாறும். அதனால் ஒரே செடியில் இரு நிறப் பூக்கள் இருக்கும். காய் சிறு கொய்யா போல இருக்கும், நுனியில் பூவின் புல்லி ஒட்டியிருக்கும். அதைத் தின்றால் வாந்தி வரும். நீரில் இட்டு மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட காய் அது. முள்ளை மட்டும் பார்த்துப் பிள்ளைகளிடம் "காரைதான், தின்னுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். பூ, காய், இலை மூன்றையும் பாருங்கள்.

இந்தப் புதர்களுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு உண்டு. கோடையில் மானாவாரி நிலத்தில் பயிர்ப் பூவே இருக்காது. அப்போது தேனீக்களுக்குச் சோறு போடுபவை இவைதான். ஆடிப்பட்டத்தில் நீங்கள் போடும் பூசணி, பாகல் பூக்கும்போது மகரந்தம் சுமக்க வருவது இப்படிப் பிழைத்த தேனீக்களே. கல்தூண், கம்பி வேலி போடுவதற்காகப் பொக்லைன் விட்டு எல்லைப் புதரை வழிப்பதற்கு முன், அங்கே என்னென்ன பூக்கிறது என்று ஒரு கோடையாவது எழுதிப் பாருங்கள். களாவையும் காரையையும் விட்டுவைத்தால் அவையே முள்வேலி.

நோட்டில் எழுதுங்கள்

தேதி, மழை பெய்த நாள், இடம், அருகிலிருந்த மரம், அடி, நிறம், தூளின் நிறம் எனக் குறித்துவையுங்கள். குடையை மேலிருந்தும் அடியிலிருந்தும் படமெடுங்கள். பெயர் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.

இன்று பண்ணைகளில் வளரும் பால் காளானும் ஒரு காலத்தில் காட்டுக் காளான்தான். மேற்கு வங்கத்தில் கண்டு 1974-ல் அதை முறையாக விவரித்தார்கள். 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே.2 என்ற ரகத்தை வெளியிட்டது. நம் வெயிலிலும் விளையும். காளான் குழம்பு வேண்டும் என்றால் அதை வளர்த்தோ வாங்கியோ சாப்பிடுங்கள். காட்டோரக் காளானை நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் பெரியம்மா இன்றும் அப்படித்தான். நான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "தாள்ல வச்சுப் பார்த்தியா?" என்றுதான் முதலில் கேட்பார்.