மொத்தத் தரவு இறக்குமதியின்போது தானியக்க மேலாண்மை

மொத்தத் தரவு இறக்குமதியின்போது தானியக்க மேலாண்மை என்பது, வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் ஒன்றில் ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே வேளையில் ஏற்றும்போது, அதில் தாமாக இயங்கும் விதிகளுள் எவற்றை நிறுத்துவது, எவற்றைத் தொடர விடுவது என முடிவு செய்து செயற்படுத்தும் முறையாகும். இங்கு, 1999 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தானியக்க வகைகள்

இம்மென்பொருளில் ஒரு பதிவு சேமிக்கப்படும்போது பல விதிகள் இயங்கக்கூடும். அவற்றுள் முதன்மையானவை:

* சரிபார்ப்பு விதி - தவறான அல்லது குறைவான தரவை ஏற்க மறுப்பது.
* டிரிகர் - அபெக்ஸ் என்னும் நிரல்மொழியில் எழுதப்படுவது.
* ஃப்ளோ - நிரல் எழுதாமல் வரைபடமாக அமைக்கப்படுவது. இதற்கு முன்பிருந்த வொர்க்ஃப்ளோ விதி, பிராசஸ் பில்டர் ஆகியவற்றுக்கான ஆதரவு முடியும் நாளாக 2025 டிசம்பர் 31 அறிவிக்கப்பட்டது.

சிக்கல்கள்

இவ்விதிகள் பெரும்பாலும் ஒருவர் ஒரு பதிவை உள்ளிடும் நிலையை எண்ணி அமைக்கப்படுகின்றன. புதிய வாடிக்கையாளருக்கு வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பும் விதி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பழைய மென்பொருளிலிருந்து 10,000 வாடிக்கையாளர்களை ஏற்றினால், பல ஆண்டுகளாக வாடிக்கையாளராக இருப்பவர்களுக்கும் அம்மடல் சென்றுவிடும். தவறாக ஏறிய பதிவை அழிக்கலாம். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற இயலாது.

இரண்டாவது சிக்கல் கணினி வளம் பற்றியது. டிரிகர்கள் பதிவுகளை 200 கொண்ட தொகுதிகளாகப் பெறுகின்றன. ஒத்திசைவாக இயங்கும் ஒரு பரிமாற்றத்தில் 100 வினவல்களுக்கு மேல் அனுமதி இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வினவல் செய்யும் டிரிகர், ஒரு பதிவுக்குச் சரியாக இயங்கினாலும் முழுத் தொகுதிக்கு வரம்பைத் தாண்டிப் பிழை தரும்.

நிறுத்தும் முறைகள்

எல்லா விதிகளையும் முடக்குவது எளிய வழியாகத் தோன்றினும், அவ்வேளையில் பணிபுரியும் பிற பயனர்களின் பதிவுகளும் காவலின்றிச் சேமிக்கப்படும். மின்னஞ்சல் அனுப்புதலைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் நிறுவனம் முழுமைக்கும் பொருந்துவதால், பிறருக்குச் செல்ல வேண்டிய மடல்களும் நின்றுவிடும். மேலும், பயன்பாட்டில் உள்ள தளத்தில் டிரிகரை நேரடியாக முடக்க இயலாது. சோதனைத் தளத்தில் மாற்றி, பின்னரே கொண்டுவர வேண்டும்.

எனவே இறக்குமதி செய்யும் பயனருக்கு மட்டும் விலக்கு அளிப்பது பாதுகாப்பானது. படிநிலைத் தனிப்பயன் அமைப்பு என்னும் வசதியில் நிறுவனம், பயனர் வகை, தனிப்பயனர் என மூன்று நிலைகளில் மதிப்புகளைக் குறிக்கலாம். டிரிகர் தொடக்கத்திலேயே இம்மதிப்பைப் பார்த்து, விலக்கு இருப்பின் இயங்காமல் திரும்பும். சரிபார்ப்பு விதிகளிலும் ஃப்ளோக்களிலும் தனிப்பயன் அனுமதி ஒன்றைச் சோதிக்கும் நிபந்தனையைச் சேர்க்கலாம். இவ்வசதிகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தொடர வேண்டிய விதிகள்

மின்னஞ்சல், பணி ஒதுக்கீடு போன்று வெளியே விளைவை உண்டாக்கும் விதிகள் பொதுவாக நிறுத்தப்படுகின்றன. தரவின் செம்மையைக் காக்கும் விதிகளை நிறுத்துவது இடர் மிக்கது. சரிபார்ப்பின்றி நுழைந்த பிழையான பதிவு, பின்னர் ஒரு பயனர் அதைத் திருத்த முயலும்போது சேமிக்க மறுக்கப்படும். அப்போது பிழையின் சுமை தொடர்பில்லாத ஒருவர் மீது விழுகிறது.

செயல்முறை

1. இருக்கும் தரவைப் படியெடுத்து வைத்தல்.
2. சோதனைத் தளத்தில் சில பதிவுகளை ஏற்றிப் பார்த்தல்.
3. பழைய மென்பொருளின் அடையாள எண்ணை வெளி அடையாளப் புலத்தில் இடுதல். மீண்டும் ஏற்ற நேர்ந்தால் இரட்டைப் பதிவுகள் உருவாகாதிருக்க இது உதவும்.
4. விலக்கு அளித்து, பதிவுகளை ஏற்றுதல்.
5. டேட்டா லோடர் கருவி தரும் வெற்றி, பிழைக் கோப்புகளைச் சரிபார்த்தல். வெற்றிக் கோப்பிலுள்ள அடையாள எண்களைக் கொண்டு, தேவையெனின் ஏற்றிய பதிவுகளை மட்டும் நீக்கலாம்.
6. நிறுத்தப்பட்ட விதிகள் நிரப்பியிருக்க வேண்டிய புலங்களைத் தனியே கணக்கிட்டு நிரப்புதல்.
7. விலக்கை நீக்குதல்.

இறுதிப் படி மறக்கப்பட்டால், அப்பயனர் பின்னர் உள்ளிடும் பதிவுகளிலும் விதிகள் இயங்கா. பிழைச் செய்தி எதுவும் தோன்றாததால் இக்குறை நெடுநாள் வெளிப்படாமல் இருக்கக்கூடும். இதனைத் தவிர்க்க, இறக்குமதிக்கென்றே தனிப் பயனர் கணக்கு ஒன்றை வைத்திருப்பது நல்ல வழக்கமாகும்.