கிழட்டு வேனுக்குப் புது இதயம்!

அது ஒரு வேன். பார்த்தால் ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும்.

கதவைத் திறந்தால் ஆச்சரியம்! உள்ளே ஒரு வீடே இருக்கிறது. படுக்க மெத்தை இருக்கிறது. சமைக்க அடுப்பு இருக்கிறது. பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கிறது. சில வேன்களில் கூரையை மேலே தூக்கலாம். தூக்கினால், அங்கே இன்னொரு படுக்கை!

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். பொழுது சாய்ந்ததும் ஓர் ஓரமாக நிறுத்தலாம். ஓட்டல் தேடி அலைய வேண்டாம்.

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி செய்த வேன் இது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வேனைப் பிள்ளை போல வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அப்பா ஓட்டிய வேனை மகன் ஓட்டுகிறான்.

ஆனால், ஒரு தொல்லை. உடம்பு உறுதியாக இருக்கிறது. இதயம் களைத்துவிட்டது! மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன.

அதனால் பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதிய இஞ்சினைப் பொருத்துகிறார்கள். அதற்கு வேண்டிய சாமான்களை ஒன்றாகச் சேர்த்து விற்கவும் செய்கிறார்கள். இதற்கு “கிட்” என்று பெயர்.

கிட் பல வகை. எதை வாங்குவது? இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

வேன் பிறந்த கதை

முதலில் வேனைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஹாலந்து நாட்டில் பென் போன் என்ற கார் வியாபாரி இருந்தார். 1947-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்தார். ஒரு பெட்டி, நான்கு சக்கரம், பின்னால் இஞ்சின். அவ்வளவுதான்! அந்தப் படம்தான் இந்த வேனுக்கு வித்து.

1950-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி வேன் தயாரிப்பு தொடங்கியது. மறு ஆண்டே, வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி வேனுக்குள் வைக்கப் படுக்கையும் அலமாரியும் செய்து கொடுத்தது. வேன் வீடானது!

1960-களிலும் 1970-களிலும், ஐரோப்பிய வாலிபர்கள் இந்த வேனிலேயே துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்தார்கள்.

இத்தனை வேலை செய்த முதல் வேனின் சக்தி எவ்வளவு தெரியுமா? வெறும் 25 குதிரை சக்தி!

இஞ்சின் பின்னால் இருந்தது. அதைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது. ரேடியேட்டரும் கிடையாது. ஒரு விசிறி சுற்றும். அந்தக் காற்றே இஞ்சினைக் குளிர வைக்கும்.

1979-ம் ஆண்டு மூன்றாம் தலைமுறை வேன் வந்தது. இது அளவில் பெரியது, எடையும் அதிகம். வீட்டுச் சாமான்களும் ஆட்களும் ஏறினால் 2 டன்னைத் தாண்டும். ஆனால், இதில் வந்த சிறிய இஞ்சினின் சக்தி 50 குதிரைதான். யானையைக் கழுதை இழுத்த கதை!

1982-ம் ஆண்டின் கடைசியில், இந்த வேனுக்குத் தண்ணீரால் குளிரும் இஞ்சின் வந்தது. சக்தி கூடியது. ஆனால், வேறு நோய் வந்தது. சிலிண்டர் தலைக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவில் ரப்பர் வளையம் உண்டு. அந்த இடம் நாளடைவில் அரித்து, தண்ணீர் கசியத் தொடங்கியது. இஞ்சினை மாற்றலாம் என்று பலரை எண்ண வைத்தது இந்தக் கசிவுதான்.

கிட்டுக்குள் என்ன இருக்கும்?

புது இஞ்சினைத் தூக்கி வைத்து நான்கு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். அதுதான் இல்லை!

ஒரு கம்பெனி இஞ்சினின் துளைகள் இன்னொரு கம்பெனியின் கியர் பெட்டியோடு சேராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கனமான தகடு வேண்டும். இந்தத் தகடு நடு மையத்தில் உட்கார வேண்டும். முடி அளவு விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இஞ்சினைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும். புகைக் குழாய் வேண்டும். தண்ணீர்க் குழாய்கள் வேண்டும். இன்றைய இஞ்சினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் மூளையும் இருக்கிறது. அந்த மூளைக்குத் தனியாக ஒயர்கள் வேண்டும்.

சில புதிய இஞ்சின்களில் திருட்டுப் பூட்டு உண்டு. தன்னுடைய சாவி இல்லாவிட்டால் இஞ்சின் ஓடாது. இஞ்சினை வாங்கிப் பொருத்திய பிறகு இது தெரிந்தால் எப்படி இருக்கும்?

ஆகவே, விலையைக் கேட்கும் முன், “பெட்டிக்குள் என்ன இருக்கிறது? என்ன இல்லை?” என்று கேட்க வேண்டும். தகடும் சட்டமும் மட்டும் கொடுத்துவிட்டு, “மற்றதை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் கிட்டும் உண்டு. விலை குறைவு என்று அதை வாங்கினால், கடைசியில் செலவு இரட்டிப்பாகும். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதைதான்!

மூன்று மாப்பிள்ளைகள்

களைத்த வேனுக்கு மூன்று மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

முதல் மாப்பிள்ளை ஜப்பான்காரர். பெயர் சுபாரு. வோக்ஸ்வாகன் இஞ்சினில் சிலிண்டர்கள் நிற்காமல் படுத்திருக்கும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. சுபாரு இஞ்சினும் அதே ஜாதகம்! அதனால் பழைய இஞ்சின் இருந்த இடத்தில் நன்றாக உட்காருகிறது.

இதில் 2.2 லிட்டர் இஞ்சின் நல்ல பெயர் எடுத்தது. சக்தி சுமார் 135 குதிரை. அண்ணன் முறையான 2.5 லிட்டர் இஞ்சினுக்கு இன்னும் பலம் உண்டு. ஆனால், 1990-களின் பிற்பகுதியில் வந்த 2.5 லிட்டர் இஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட் கசியும் குறை இருந்தது. கூடுதல் பலத்துக்கு ஆசைப்பட்டு, விட்டு வந்த நோயையே திரும்ப அழைக்கலாமா?

ஒரு விஷயம். சுபாருவின் எண்ணெய்த் தொட்டி கீழே தொங்கும். மேட்டில், கல்லில் அடிபடும். உயரம் குறைந்த தொட்டி கிட்டில் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது மாப்பிள்ளை சொந்தக்காரர். வோக்ஸ்வாகன் கம்பெனியின் 1.9 லிட்டர் டீசல் இஞ்சின். எண்ணெய் குறைவாகக் குடிக்கும். இழுப்பு அதிகம்.

ஆனால், இதில் சிலிண்டர்கள் வரிசையாக நிற்பவை. அப்படியே வைத்தால் உயரம் இடிக்கும். அதனால் இஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறார்கள். வோக்ஸ்வாகன் கம்பெனியே தன் பழைய டீசல் வேனில் இஞ்சினை 50 டிகிரி சாய்த்துத்தான் வைத்தது.

உயரத்தில் என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? இஞ்சின் மூடிக்கு மேலேதான் படுக்கை இருக்கிறது! மூடி உயர்ந்தால், மெத்தை சமமாக விரியாது. ராத்திரி முழுவதும் இடுப்பில் குத்தும்!

இன்னொன்று. டீசல் இஞ்சின் மெதுவாகச் சுற்றி வேலை செய்வது. பழைய வேனின் கியர் அதற்குப் பொருந்தாது. நெடுஞ்சாலையில் இஞ்சின் ஓயாமல் அலறும். டாப் கியரை மாற்றினால்தான் அலறல் அடங்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது மாப்பிள்ளை மின்சாரம். புகை இல்லை, சத்தம் இல்லை.

2020-ம் ஆண்டு வோக்ஸ்வாகன் கம்பெனியே இதைச் செய்து காட்டியது. 1966-ம் ஆண்டு வேன் ஒன்றை எடுத்துக்கொண்டது. அதன் பழைய இஞ்சின் 44 குதிரை சக்தி. அதற்குப் பதில் 83 குதிரை சக்தி மின்சார மோட்டாரை வைத்தது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடும் என்று அறிவித்தது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். இப்படி மாற்றிய வேனின் ஆரம்ப விலை 2020-ம் ஆண்டில் 64,900 யூரோவாக இருந்தது! 200 கிலோ மீட்டருக்கு ஒருமுறை நின்று சார்ஜ் ஏற்றவும் வேண்டும். அவசரம் இல்லாத குடும்பத்துக்கு இது சரி. நீண்ட பயணம் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஓடுவது பெரிதா? நிற்பது பெரிதா?

அந்த மின்சார வேனில் இஞ்சினோடு வேறு என்ன மாற்றினார்கள் தெரியுமா?

நான்கு சக்கரத்துக்கும் புதிய டிஸ்க் பிரேக் வைத்தார்கள். அச்சை மாற்றினார்கள். ஸ்டீயரிங்கை மாற்றினார்கள்!

இதில்தான் பாடம் இருக்கிறது. வேனைப் பெற்ற கம்பெனியே, “சக்தியைக் கூட்டினால் பிரேக்கையும் கூட்ட வேண்டும்” என்று செய்து காட்டுகிறது.

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி, பிரேக் போட்டதும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். அதே வண்டி 120 கிலோ மீட்டர் வேகத்தில் போனால்? இரண்டு மடங்கு தூரம் போதாது. நான்கு மடங்கு வேண்டும்!

முதல் தலைமுறை வேனில் நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்தான். 44 குதிரைக்குச் செய்த பிரேக் 135 குதிரையை எப்படித் தாங்கும்? உள்ளே இருப்பது சாமான் மட்டுமா? பெற்ற பிள்ளைகள் அல்லவா?

நெருப்பும் தண்ணீரும்

பழைய வேனில் பெட்ரோல் மெதுவாக வரும். இன்றைய இஞ்சின் பெட்ரோலை ஊசி போட்டது போலப் பீய்ச்சுகிறது. குழாயில் அழுத்தம் மிக அதிகம். பழைய ரப்பர் குழாய் வெடித்துவிடும். சூடான இஞ்சின் மீது பெட்ரோல் சிந்தினால் தீ! அதற்கு மேலேதான் படுக்கை.

ஆகவே, அழுத்தம் தாங்கும் புதிய குழாயும் புதிய பம்பும் இல்லாத கிட் கால் காசு பெறாது.

அடுத்தது தண்ணீர். இஞ்சின் பின்னால் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை வேனில் ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. தண்ணீர், வேனின் நீளம் முழுவதும் போய்த் திரும்ப வேண்டும். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓடாது. இஞ்சின் கொதித்துவிடும். காற்றை வெளியேற்றும் வழி கிட்டில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

காற்றில் குளிரும் பழைய வேனுக்கு ரேடியேட்டரே கிடையாது. அதைப் புதிதாக வைக்க வேண்டும். பிரேசில் நாட்டில் இதைக் கம்பெனியே செய்தது. அங்கே இரண்டாம் தலைமுறை வேன் 2013 வரை தயாரானது. 2005-ம் ஆண்டின் கடைசியில், அதற்குத் தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் இஞ்சின் வைத்தார்கள். சக்தி சுமார் 80 குதிரை. ரேடியேட்டரை வேனின் முகத்திலேயே வைத்தார்கள். அழகு குறைந்தது. ஆனால், வேன் மேலும் 8 ஆண்டுகள் தயாரானது!

80 குதிரை! அளவான சக்தி போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இஞ்சினை மாற்றினால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் புகை விஷயத்தில் மிகக் கண்டிப்பு. 1976-ம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியதுமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. வைக்கும் இஞ்சின், வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அந்த இஞ்சினோடு வந்த புகை அடக்கும் சாமான்கள் எல்லாம் கூடவே வர வேண்டும்.

ஜெர்மனியில் 30 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்குத் தனி நம்பர் பலகையும் வரிச் சலுகையும் உண்டு. வண்டி பழைய நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புத்தம் புதிய இஞ்சினை வைத்தால் அந்தச் சலுகை பறிபோகலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால், நஷ்ட ஈடு சிக்கலாகிவிடும்.

வாங்கும் முன்...

கடைக்காரர், “எத்தனை குதிரை சக்தி வேண்டும்?” என்றுதான் கேட்பார். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

இந்தச் சக்தியை என் கியர் பெட்டி தாங்குமா? பிரேக் தாங்குமா? படுக்கை சமமாக விரியுமா? ஊர் விட்டு ஊர் போய் வண்டி நின்றால், அங்கே உள்ள மெக்கானிக்குக்கு இந்த இஞ்சின் தெரியுமா? உதிரி சாமான் கிடைக்குமா? இதே கிட்டைப் பொருத்தி நெடுநாள் ஓட்டியவர் யாராவது உண்டா? அவர் வண்டியில் ஏறிப் பார்க்கலாமா?

பழைய இஞ்சினை வாங்கிப் பொருத்துவதானால் இன்னொரு யோசனை. பெல்ட், தண்ணீர் பம்ப், சீல்கள் எல்லாவற்றையும், இஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். உள்ளே போன பிறகு மாற்றுவது இரட்டை வேலை.

எல்லாக் கேள்விக்கும் “ஆம்” என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்கு “இல்லை” என்று வந்தாலும் பொறுக்க வேண்டும். அதுவரை பழைய இஞ்சினையே பழுது பார்த்து ஓட்டலாம். அதில் வெட்கம் இல்லை.

பலசாலி மாப்பிள்ளை என்று பார்த்துப் பெண்ணைக் கொடுப்பவர் உண்டா? குடும்பத்துக்கு ஒத்துப் போவாரா என்றுதான் பார்ப்பார்கள்.

இஞ்சினுக்கும் அதே பொருத்தம்தான்!