பச்சிலையும் பரிசோதனையும்

காய்ச்சல் என்று ஒருவர் படுத்துவிட்டால், மருத்துவரிடம் செல்லுமுன் கஷாயம் வைப்பது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த பழக்கம். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு குடியேறிய பின்னும் அப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. அதனை மூடப்பழக்கம் என்று எள்ளுவோரும் உளர். அது ஒன்றே போதும் என்று வாதிடுவோரும் உளர். இரு சாராரும் அறிய வேண்டிய வரலாறு ஒன்று சீன நாட்டில் நிகழ்ந்துள்ளது.

மலேரியா, கொசுக்கடியால் குருதியிற் புகும் நுண்ணிய ஒட்டுண்ணிகளால் விளைவது. வியட்நாம் போர்க்காலத்தில் குளோரோகுயின் மருந்துக்கு அவ்வொட்டுண்ணிகள் அடங்க மறுத்தன. ஆகவே 1967-இல் சீன அரசு புதுமருந்து தேடும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 1969-இல் தூ யூயூ என்னும் பெண்மணி அத்திட்டத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றார். பழைய நூல்களையும் வைத்தியர்களையும் நாடி 2,000 மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார். ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் இறக்கப்பட்டு, மலேரியா கண்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டன.

அவற்றுள் ஒன்று சிங்ஹாவ். நம் மாசிபத்திரிக்கு இனமான செடி. ஒரு சோதனையில் அது நற்பயன் காட்டியது. அடுத்த சோதனையிலோ பயன் மிகவும் குன்றிற்று. கூட்டல் ஒத்துவராத பேரேட்டை எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள் அப்படியே மூடிவைக்க இயலுமா? முதலிலிருந்து சரிபார்க்கத்தானே வேண்டும்! தூ யூயூவும் பழைய நூல்களுக்கே திரும்பினார். நான்காம் நூற்றாண்டினரான கெ ஹோங், அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு எழுதியிருந்தார். அடுப்பேற்றுமாறு அவர் கூறவில்லை. கொதிக்கவைப்பதால் மருந்தின் ஆற்றல் அழிகின்றதோ என்ற ஐயம் தூ யூயூவுக்கு எழுந்தது. உடனே, ஏறத்தாழ 35 பாகைச் சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு இறக்கினர். 1971 அக்டோபர் 4 அன்று, 191-ஆம் சாறு எலிகளின் ஒட்டுண்ணிகளை முற்றிலும் அடக்கிற்று.

1972-இல் தூ யூயூவும் குழுவினர் சிலரும் அதனைத் தாமே முதலில் உட்கொண்டு, தீங்கில்லை எனக் கண்ட பின்னரே ஹைனான் தீவின் நோயாளிகளுக்கு அளித்தனர். அவ்வாண்டிலேயே ஆர்ட்டெமிசினின் என்னும் மருந்துப்பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 2015-இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது.

இதனால் நாம் அறிவது யாது? முன்னோர் குறிப்பு வழிகாட்டிற்று. சோதனையே அதனை மருந்தாக்கிற்று. அச்செடியின் இலையைக் கஷாயமிட்டு அருந்துவதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். குறைந்த அளவில் நோய் தீராமல் மீண்டும் தலையெடுக்கும். ஒட்டுண்ணியும் மருந்துக்குப் பழகிவிடக்கூடும். இனம் ஒன்றென்பதால் மாசிபத்திரியும் மலேரியா மருந்தாகிவிடாது.

பணி மாற்றத்தாலும் பயணத்தாலும் மலேரியா மிகுந்த பகுதிகளுக்குச் செல்ல நேரிடும் குடும்பங்கள் நம்முடையவை. அங்குக் குளிரும் நடுக்கமுமாய்க் காய்ச்சல் கண்டால், கஷாயத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள். நோய் கடுமையானால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே இரத்தச் சோதனை செய்வியுங்கள். அரசு சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை. எவ்வகை ஒட்டுண்ணி என்று தெரிந்தாலன்றித் தக்க மருந்தைத் தேர்ந்தளிக்க இயலாது. காய்ச்சல் விட்டாலும் மாத்திரைகளை இடையில் நிறுத்தலாகாது. பாட்டியின் கைமருந்தை நாம் மதிப்போம். குழந்தையின் உயிரை அதனினும் மேலாக மதிப்போம்.